‘சிக்கன்’ என்றால் ஏன் கோபம் வருகிறது? ஒரு கோழி, ஒரு வெள்ளை இறகு, 306 பேர்

இன்னைக்கு எபிசோட் ஒரு திட்டைப் பத்தினது. ரொம்ப மோசமான திட்டு இல்ல, பயப்படாம ஸ்பீக்கர்லயே கேக்கலாம். ‘சிக்கன்’. பங்கி ஜம்ப்பிங் போற இடத்துல கடைசி நிமிஷம் ஒருத்தன் பின்வாங்கினா, “மச்சி, சிக்கன் அவுட் ஆயிட்டான்டா”ன்னு சொல்றோம்ல, அந்தச் சிக்கன்.

இங்கிலீஷ்ல பயந்தவனை ஏன் கோழின்னு சொல்றாங்க? இந்தக் கேள்வியைப் பிடிச்சிட்டுப் போனா, கோழிப் பண்ணையில ஆரம்பிச்சு முதல் உலகப் போர்ல ஒரு துப்பாக்கிப் படை முன்னாடி போய் நிக்க வேண்டியிருக்கு.

முதல்ல ‘கவர்ட்’ங்கிற வார்த்தையை எடுத்துக்குவோம். கோழைக்கு இங்கிலீஷ்ல பொதுவான சொல் அதுதான். பாத்தா சுத்தமான, மிருகவாடையே இல்லாத வார்த்தை மாதிரி இருக்கும். ஆனா அது பழைய பிரெஞ்சு வழியா லத்தீன்ல இருந்து வந்தது. லத்தீன்ல ‘கௌடா’ன்னா வால். ஓடுற பிராணி நமக்குக் காட்டுறது வாலைத்தானே. இடைக்கால பிரான்ஸ்ல ரெனார்ட்ங்கிற நரியை வெச்சு நிறைய கதைகள் இருந்துச்சு. அதுல வர்ற முயலுக்குப் பேரே ‘கோஆர்’. அதாவது, முயலுக்குக் கோழைன்னே பேர் வெச்சுட்டாங்க. ஆக, இங்கிலீஷ்ல மிருகப் பேரைச் சொல்லாம கோழைன்னு திட்டினாக்கூட அதுக்குள்ள ஒரு வால் ஆடிட்டுத்தான் இருக்கு.

கோழி எப்போ வந்துச்சு? ஷேக்ஸ்பியர் காலத்துலயே வந்தாச்சு. ‘சிம்பலின்’ நாடகத்துல, கழுகு மாதிரி பாய்ஞ்சு வந்த வீரர்கள் கோழிக்குஞ்சு மாதிரி திரும்பி ஓடினாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுபோக ‘சிக்கன் ஹார்ட்டட்’, ‘ஹென் ஹார்ட்டட்’, ‘சிக்கன் லிவர்ட்’னு ஒரு குடும்பமே உண்டு. கோழி இதயம், பெட்டைக்கோழி இதயம், கோழி ஈரல். ஈரல் எதுக்குன்னு கேக்குறீங்களா? ஐரோப்பாவோட பழைய மருத்துவத்துல தைரியம் குடியிருக்கிற இடம் ஈரல். ரத்தம் நிறைஞ்ச சிவப்பு ஈரல் வீரனுக்கு, வெளிறிப்போன ஈரல் கோழைக்கு. ‘மேக்பெத்’ல வர்ற ‘லிலி லிவர்ட்’ங்கிற திட்டு அங்கிருந்து வந்ததுதான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. அதே இங்கிலாந்துல சேவல் கோழை கிடையாது. சேவல் சண்டை அங்க ராஜா முதல் குதிரைக்காரன் வரைக்கும் எல்லாரும் பாத்த விளையாட்டு. விமானத்துல பைலட் உக்கார்ற இடத்தைக் ‘காக்பிட்’னு சொல்றோமே, அந்தச் சொல் சேவல் சண்டைக் குழியில இருந்து வந்தது. 1835-ல சட்டம் போட்டுத் தடை செய்யுற வரைக்கும் அந்தக் குழி அவங்க மொழிக்கு வார்த்தைகளைப் பெத்துப் போட்டுக்கிட்டே இருந்துச்சு.

1785-ல பிரான்சிஸ் குரோஸ்னு ஒருத்தர் லண்டன் தெருப் பேச்சுக்கு ஒரு அகராதி போட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் அது. திருடங்க பாஷை, மாலுமிங்க பாஷை எல்லாம் அதுல இருக்கும். அதுல ‘டங்ஹில்’னு ஒரு சொல். நேரடியா பாத்தா குப்பைமேடு. குரோஸ் கொடுக்கிற அர்த்தம், கோழை. சண்டைக்குன்னே வளர்த்த சேவலைத் தவிர மத்த எல்லாச் சேவலும் குப்பைமேட்டுச் சேவல்தானாம். தூக்குமேடையில நடுங்கினவனை, செஞ்சதுக்கு அழுதவனை ‘டங்ஹில்லா செத்தான்’னு சொல்வாங்க. விறைப்பா நின்னு செத்தவன் ‘கேம்’ஆ செத்தான். அதாவது சண்டைச் சேவல் மாதிரி. சாவுக்கே மார்க் போட்டிருக்காங்க!

அதே அகராதியில இன்னொரு பதிவு. ‘அவன்கிட்ட ஒரு வெள்ளை இறகு இருக்கு’ன்னா, அவன் கோழைன்னு அர்த்தம். ஏன்னா, நல்ல சண்டை ஜாதிச் சேவல்ல வெள்ளை இறகு இருக்காது, இருந்தா அது கலப்புன்னு சேவல் வளர்க்கிறவங்க நம்பினாங்க. இந்த வெள்ளை இறகைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

நம்ம ஊர்ல கதை எப்படி? கோழியைக் கோழைன்னு நாம சொன்னதே இல்ல. கோழின்னும் கோழைன்னும் ஒலி ஒட்டி வர்றதை வெச்சு ரெண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். அதை நம்பி எதுவும் கட்டிடாதீங்க. நெஞ்சுல கட்டுற சளிக்கும் கோழைன்னுதான் பேரு.

நம்ம பக்கம் கோழி வீரன். முருகன் கொடியில இருக்கிறது சேவல். சோழர்களோட பழைய தலைநகர் உறையூருக்குக் கோழின்னே இன்னொரு பேரு உண்டு. ஒரு கோழி யானையை எதிர்த்து ஜெயிச்ச இடம்னு கதை. சிலப்பதிகாரத்துலயே அந்தக் கதைக்குக் குறிப்பு இருக்கு. எனக்கு இதையெல்லாம் விட வியப்பா இருக்கிறது விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம். அங்க ஒரு நடுகல் இருக்கு. நடுகல்னா செத்துப்போன வீரனுக்கு நடுறதுன்னு படிச்சிருப்போம். இந்தக் கல்லுல செதுக்கியிருக்கிறது ஒரு சேவல். மேற்சேரிக்காகச் சண்டை போட்ட கோழின்னு எழுத்து வெட்டியிருக்காங்க. காலம் சுமார் 5, 6-ஆம் நூற்றாண்டு. இந்தளூர்ங்கிற இன்னொரு ஊர்ல கீழ்ச்சேரிக் கோழிக்கு ஒரு கல். அந்தக் கோழிக்குப் பேரே பொற்கொற்றி. ஊர் மொத்தமும் நின்னு ஒரு கோழிக்கு அழுதிருக்கு.

சேவக்கட்டுல தோத்து விழுந்த சேவலைக் கொங்கு பக்கம் ‘கோச்சை’ம்பாங்க. ஜெயிச்ச சேவலோட சொந்தக்காரர் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார். அந்தக் கறிக்குத் தனி மவுசு. தோத்தாலும் அது கடைசி வரைக்கும் நின்ன சேவல்தானே.

இதைக் கேட்டு ‘பாத்தியா, நம்ம தமிழ்ல கோழியை யாரும் கேவலப்படுத்தல’ன்னு காலரைத் தூக்கிடாதீங்க. சேவலைத்தான் கேவலப்படுத்தல. பெட்டைக்கு என்ன மரியாதை? ‘பெட்டை’ங்கிறது பெண் பறவை, பெண் விலங்குக்குப் பொதுச்சொல். பெட்டைக்கோழி, பெட்டை நாய். அது தெருவுக்கு வந்தா ‘பொட்டை’. பயந்தவனை, அடிக்குத் திருப்பி அடிக்காதவனை, நடை கொஞ்சம் மென்மையா இருக்கிறவனை ஸ்கூல்ல என்னன்னு கூப்பிட்டாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். எங்க கிளாஸ்லயும் ஒருத்தனை அப்படித்தான் கூப்பிட்டாங்க, மூணு வருஷம். ‘பேடி’ங்கிற இலக்கியச் சொல்லும் அதே வேலையைத்தான் செய்யுது. ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத ஒருத்தரைக் குறிக்கிற சொல், கோழைக்கும் அதே சொல். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமான்னு ஒரு பழமொழி வேற.

ஆக இங்கிலீஷ்காரன் ‘ஹென் ஹார்ட்டட்’னு சொன்னதும் நாம ‘பொட்டை’ன்னு சொன்னதும் ஒரே கணக்கு. சேவல் வீரன், பெட்டை கோழை. இத்தனைக்கும், குஞ்சோட இருக்கிற பெட்டைக்கோழி கிட்டப் போய்ப் பாருங்க. பருந்து எறங்கினா றெக்கையை விரிச்சுக்கிட்டு நேரா எதிர்ல போறது அதுதான். சேவல் அந்நேரம் எங்க இருக்கும்னு கிராமத்துல வளர்ந்தவங்களைக் கேளுங்க.

போற போக்குல ஒரு விஷயம். இங்கிலீஷ்ல கோழைக்கு ‘யெல்லோ’, அதாவது மஞ்சள்ங்கிற பேரும் உண்டு. கடையில வாங்குற பல கோழிகளோட தோல், கால் மஞ்சளா இருக்கே, அந்த மஞ்சளுக்கான மரபணு தென்னிந்தியக் காட்டுல திரியிற சாம்பல் காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்ததுன்னு 2008-ல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு மஞ்சளுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லணும்னு தோணுச்சு.

சரி, வெள்ளை இறகு.

1902-ல ஏ.இ.டபிள்யூ. மேசன் ‘த ஃபோர் ஃபெதர்ஸ்’னு ஒரு நாவல் எழுதினார். போருக்குப் போகாம ராணுவ வேலையை விட்ட ஒரு அதிகாரிக்கு மூணு நண்பர்கள் ஆளுக்கொரு வெள்ளை இறகு அனுப்புவாங்க. நாலாவது இறகைக் கொடுக்கிறது அவன் கல்யாணம் பண்ணிக்க இருந்த பொண்ணு. பெரிய ஹிட். பல தடவை சினிமாவாச்சு, கடைசியா 2002-ல நம்ம சேகர் கபூர் எடுத்தார். ஆக, சேவல் குழியில பொறந்த ஒரு சொலவடை, நாவல் வழியா நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறைக்கு வந்து உக்காந்துடுச்சு.

1914 ஆகஸ்ட் மாசம் போர் தொடங்குது. பிரிட்டன்ல அப்போ கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஆள் வேணும்னா ஆசை காட்டணும், இல்ல வெக்கப்பட வைக்கணும். ஆகஸ்ட் 30, ஃபோக்ஸ்டன்ங்கிற கடலோர ஊர்ல, சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஓய்வு பெற்ற ஒரு கடற்படை அட்மிரல், 30 பெண்களைச் சேர்த்துத் தெருவுக்கு அனுப்பினார். சீருடை போடாம திரியிற வாலிபன் எவனைப் பாத்தாலும் அவன் சட்டையில ஒரு வெள்ளை இறகைக் குத்துங்க. அவ்வளவுதான் வேலை. சில வாரத்துல இது நாடு பூரா பரவிடுச்சு. டிராம்ல, தியேட்டர் வாசல்ல, எங்க வேணும்னாலும் இறகு வரலாம்.

யாருக்குப் போச்சு தெரியுமா அந்த இறகெல்லாம்? லீவுல வந்து சாதா உடுப்புல இருந்த சிப்பாய்க்கு. அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்கு. ஆயுதத் தொழிற்சாலையில வேலை செய்றவனுக்கு. ஜார்ஜ் சாம்சன்னு ஒரு மாலுமி. கலிப்போலி சண்டையில காட்டின வீரத்துக்காக பிரிட்டனோட மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினவர். அவருக்குப் பாராட்டு விழா வெச்சிருந்தாங்க. சாதா கோட்டு போட்டுக்கிட்டு அந்த விழாவுக்குப் போற வழியிலயே ஒரு இறகு கொடுத்துட்டாங்க. தொல்லை தாங்காம அரசாங்கமே பேட்ஜ் அடிச்சுக் கொடுக்க வேண்டியதாச்சு. தொழிற்சாலைக்காரங்களுக்குப் ‘போர்ப் பணியில் இருக்கிறேன்’னு ஒரு பேட்ஜ். 1916-ல காயத்தாலயோ நோயாலயோ படையில இருந்து விடுவிக்கப்பட்டவங்களுக்கு ஒரு வெள்ளிப் பேட்ஜ். ‘நான் கோழை இல்லை’ன்னு சட்டையில குத்திக்கிட்டுத் திரிய வேண்டிய நிலைமை.

எல்லாரும் கூனிக் குறுகல. ஃபென்னர் ப்ராக்வேன்னு ஒரு பத்திரிகைக்காரர், கல்கத்தாவுல பொறந்தவர், பின்னாடி இந்திய விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர். போருக்குப் போக மாட்டேன்னு வெளிப்படையாச் சொல்லி, அதுக்குன்னு ஒரு அமைப்பையும் தொடங்கினார். தனக்கு வந்த இறகெல்லாம் சேர்த்தா ஒரு விசிறியே செய்யலாம்னு கிண்டலடிச்சார். அவரை ஜெயில்ல போட்டாங்க. ஜெயிலுக்குத் துணிஞ்சு போறவனைக் கோழைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்னு புரியல.

இறகு கொடுத்த பெண்களை மட்டும் வில்லியாக்கிட்டுப் போறது சுலபம். எனக்கு அதுல சம்மதம் இல்ல. அந்தப் பெண்களுக்கு ஓட்டுரிமை இல்ல. போர் வேணுமா வேணாமான்னு அவங்களை யாரும் கேக்கல. யோசனை ஒரு ஆம்பளை அட்மிரலோடது. ‘ஒரு பொண்ணே உன்னைக் கோழைங்கிறா’ன்னா ஆம்பளைக்கு உறைக்கும்ங்கிற கணக்கும் அவரோடதுதான். எம்மலின் பங்க்ஹர்ஸ்ட் மாதிரி பெண்ணுரிமைத் தலைவர்களே ஆள் சேர்ப்புக்கு ஆதரவாப் பேசினாங்க. அவரோட மகள் சில்வியா போரைக் கடைசி வரைக்கும் எதிர்த்தார். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பக்கம்.

இது நமக்குப் புதுசும் இல்ல. புறநானூறுல காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டு ஒன்னு, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. மகன் புறமுதுகு காட்டினான்னு ஊர் பேச, அது நெசம்னா பால் கொடுத்த மார்பை அறுத்துடுவேன்னு வாளோட களத்துக்குப் போற கிழவி. மகனோட உடம்பைத் துண்டு துண்டாப் பாத்து, பெத்த அன்னைக்கு விட சந்தோஷப்படுறா. அதை வீரத்தாய்னு பெருமையாச் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு இப்போ அதைப் படிக்கும்போது முதல்ல கேக்கிறது, அந்த ஊர் பேசின பேச்சு. அவ கையில வாளைக் கொடுத்தது அதுதானே. அங்க வால், இங்க முதுகு. ஓடுறவனோட பின்பக்கத்தைத்தான் ரெண்டு மொழியும் பிடிச்சுக்கிச்சு.

இறகு வாங்கினவங்களுக்கு அவமானத்தோட போச்சு. களத்துல இருந்தவனைக் கோழைன்னு சொன்னா? அது ராணுவச் சட்டப்படி குற்றம். தண்டனை மரணம் வரைக்கும் போகலாம்.

ஹாரி ஃபார். வெஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், சாதாரண சிப்பாய், வயசு 25. 1915-ல குண்டு வெடிப்புகளுக்கு நடுவுல இருந்து நிலைகுலைஞ்சு போய் அஞ்சு மாசம் மருத்துவமனையில இருந்தார். கை நடுங்கினதால வீட்டுக்குக் கடிதம்கூட ஒரு நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தாங்க. ‘ஷெல் ஷாக்’ங்கிற பேரு மருத்துவ இதழ்ல முதல்ல வந்ததே அந்த வருஷம்தான். சார்லஸ் மையர்ஸ்ங்கிற டாக்டர் எழுதினார். ஃபாரைத் திரும்பவும் களத்துக்கு அனுப்பினாங்க. 1916 செப்டம்பர், சொம் சண்டை. இதுக்கு மேல என்னால முடியலன்னு முன்வரிசைக்குப் போக மறுத்தார். அக்டோபர்ல ராணுவ விசாரணை. அவர் பக்கம் பேச ஒரு ஆள் இல்ல, தனக்குத்தானே வாதாடினார். அவரைப் பாத்த மருத்துவ அதிகாரி காயம்பட்டு வேற இடத்துல இருந்தார், சாட்சி சொல்ல வரல. குற்றம், கோழைத்தனம். 1916 அக்டோபர் 18, விடியற்காலையில அவரோட சொந்தப் படையே அவரைச் சுட்டுச்சு.

வீட்டுல மனைவி கெர்ட்ரூட், மூணு வயசுல ஒரு பெண் குழந்தை. கோழையோட மனைவிக்குப் பென்ஷன் இல்லைன்னுட்டாங்க.

இந்த மாதிரி கோழைத்தனம், படையை விட்டு ஓடினது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகள்ல சுடப்பட்டவங்க 306 பேர். அதுல நேரடியா கோழைத்தனம்னு எழுதப்பட்டவங்க 18 பேர். பெரும்பாலானவங்க ஓடிப்போனதுக்காக. ஹெர்பர்ட் பர்டன்னு ஒரு பையன். வயசைக் கூட்டிச் சொல்லிப் படையில சேர்ந்தவன். சுடப்பட்டபோது அவனுக்கு 17.

நடுவுல அந்தக் கோழி வார்த்தை என்ன ஆச்சுன்னு வேகமாச் சொல்லிடறேன். அமெரிக்காவுல டீன் ஏஜ் பசங்ககிட்டப் போச்சு. 1955-ல ‘ரெபல் விதவுட் எ காஸ்’ படம். ஜேம்ஸ் டீன் நடிச்ச பையனைச் சிக்கன்னு சொன்னா போதும், நிதானம் போயிடும். ரெண்டு பேர் மலை விளிம்பை நோக்கிக் கார் ஓட்டணும், முதல்ல குதிக்கிறவன் சிக்கன். எதிராளியோட ஜாக்கெட் கார் கதவுக் கைப்பிடியில மாட்டிக்கும், குதிக்க முடியாது. 1959-ல தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், அணு ஆயுதத்தை வெச்சு மிரட்டிக்கிற வல்லரசுகள் இதே சிக்கன் விளையாட்டைத்தான் விளையாடுதுன்னு எழுதினார். அவர் கதையில ரெண்டு காரும் நேருக்கு நேர் வரும். ரஸ்ஸலும் முதல் உலகப் போரை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்ங்கிறதை மறக்காதீங்க. ஹெர்மன் கான்னு ஒரு அமெரிக்க அணுப் போர் நிபுணர் 1965-ல இந்த விளையாட்டுக்கு ஒரு உத்தி சொன்னார். ஓடுற கார்ல இருந்து ஸ்டீயரிங்கைக் கழட்டி, எதிராளி பாக்குற மாதிரி வெளியில தூக்கிப் போட்டுடு. கோழைன்னு பேர் வாங்காம இருக்கிறதுக்கு அதுதான் வழின்னா, எதிர்ல வர்றவனும் அதே புத்தகத்தைப் படிச்சிருந்தா என்ன ஆகும்?

திரும்ப ஹாரி ஃபார். அந்தக் குழந்தை, கெர்ட்ரூட் ஹாரிஸ், வளர்ந்து பாட்டியானதுக்கு அப்புறமும் அப்பா பேருக்காகப் போராடினார். 2001-ல ஸ்டாஃபோர்ட்‌ஷயர்ல இருக்கிற தேசிய நினைவு மரத்தோட்டத்துல சுடப்பட்டவங்களுக்கு ஒரு நினைவிடம் வந்துச்சு. நடுவுல கண் கட்டின ஒரு பையன் சிலை, ஹெர்பர்ட் பர்டனை மனசுல வெச்சு செஞ்சது. பின்னாடி 306 மரக்கம்பம், ஒவ்வொன்னுலயும் ஒரு பேரு. அதைத் திறந்து வெச்சவர் கெர்ட்ரூட் ஹாரிஸ்.

2006 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு அறிவிச்சுது. அப்போ அவருக்கு வயசு 90-ஐத் தாண்டிடுச்சு. அப்பா இறந்து 90 வருஷம். நவம்பர்ல அது சட்டமாச்சு, 306 பேருக்கும் சேர்த்து. அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. இந்த மன்னிப்பு, கொடுத்த தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது. அதாவது மன்னிப்பு உண்டு, தீர்ப்பு ரத்து ஆகல. ஹாரி ஃபார் மேல எழுதின குற்றம் இன்னைக்கும் அந்த ஃபைல்ல அப்படியேதான் இருக்கு.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க ஊர்ல கோழைக்கு என்ன மிருகப் பேர் சொல்வாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.